பாலக்காடு ரோட்டுப் பக்கம் வீடு எடுத்து தங்கற காலேஜ் பசங்க, புள்ளைங்களுக்கு: அக்கம்பக்கத்தோட நல்லபடியா இருக்கறது எப்படி

ஜூன், ஜூலை வந்தா போதும், கோயமுத்தூர்ல குனியமுத்தூர்ல ஆரம்பிச்சு மதுக்கரை, எட்டிமடை, நவக்கரை, கே.ஜி.சாவடின்னு வாளையார் செக்போஸ்ட் வரைக்கும் டூலெட் போர்டு தேடி பசங்க வண்டியில சுத்த ஆரம்பிச்சிருவாங்க. ஹாஸ்டல் கிடைக்காதவங்க, ஹாஸ்டல் பீஸ் கட்ட முடியாதவங்க, பிஜி, பிஎச்டி பண்றவங்க, தேனிலருந்து வந்தவங்க, தூத்துக்குடிலருந்து வந்தவங்க, திருச்சூர், ஒத்தப்பாலத்துலருந்து வந்தவங்கன்னு எல்லாரும் நாலஞ்சு பேரா சேர்ந்து ஒரு வீடு எடுப்பாங்க. அந்த வீடு கிடைக்கறதுக்கே "பேச்சிலருக்கு குடுக்கறதில்லீங்க"ன்னு வாசலுக்கு வாசல் கேட்டுட்டு தான் வரணும்.

இது ஏன்னு முதல்ல புரிஞ்சுக்கோங்க, மத்ததெல்லாம் அதுலருந்து தான் வருது. அந்தத் தெருவுக்கு உங்களைத் தெரியாது. "காலேஜ் பசங்க வீடு"ன்னு அந்த வீட்டைத் தான் தெரியும், நீங்க பெட்டியை எறக்கறதுக்கு முன்னாடியே அந்த வீட்டுக்கு ஒரு பேரு இருக்கும். முந்தின செட்டு ராத்திரி ஒரு மணிக்கு கேட்டை டமார்னு சாத்தியிருந்தா நீங்க வந்த முதல் நாளே எதிர்வீட்டு அம்மா முறைக்க ஆரம்பிச்சிருப்பாங்க. நீங்க ரெண்டு வருசம் இருந்துட்டு கெளம்பிருவீங்க, அவங்க முப்பது வருசமா அங்கயே இருக்காங்க, அந்த முப்பது வருசத்துல எத்தனை செட்டு வந்து போயிருக்கும்னு நெனச்சுப் பாருங்க. அதனால அவங்க ஒவ்வொரு செட்டையும் புதுசா நம்பறதில்ல. அந்தப் பேரை மாத்தறது உங்க கையில தான் இருக்கு, மாத்தவும் முடியும். நிறைய வீடுகள்ல மாறியிருக்கு.

அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடியே, முடிஞ்சா காலி பண்ணிட்டு போற சீனியர்கிட்ட, இல்லைன்னா தெருமுனை மளிகைக்கடை அண்ணாகிட்ட "முன்னாடி இருந்தவங்களோட என்ன பிரச்சனைங்க?"ன்னு நேரா கேட்டுருங்க. மறைக்க மாட்டாங்க. தண்ணியா, சத்தமா, வண்டி நிறுத்தறதா, குப்பையா, எதுன்னு பட்டுனு சொல்லிருவாங்க. இன்னொண்ணு, இந்தப் பக்கம் நிறைய வீட்டு ஓனருங்க பக்கத்துல இருக்கறதில்ல, டவுன்லயோ பாலக்காட்டுலயோ இருப்பாங்க, வாடகைக்கு மட்டும் தான் போன் பண்ணுவாங்க. அவங்களுக்கு உங்க வீட்டைப் பத்தி சேதி சொல்றது பக்கத்து வீட்டுக்காரங்க தான். நீங்க அடுத்த வருசம் அந்த வீட்டுல இருப்பீங்களா மாட்டீங்களாங்கறதே பாதி அவங்க வாய்ல இருக்கு.

குடி வந்த ரெண்டு நாளுக்குள்ள ரெண்டு பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு இருந்தா மாடி, இந்த நாலு இடத்துக்கும் போய் ஒரு வார்த்தை பேசிட்டு வந்துருங்க. அஞ்சு பேரும் கும்பலா போகாதீங்க, ரெண்டு பேரு போதும், சட்டை போட்டுட்டு போங்க, லுங்கி ஷார்ட்ஸ் வேண்டாம். மத்தியானம் வீட்டுல ஆளுங்க படுத்திருப்பாங்க, பொம்பளைங்க மட்டும் இருப்பாங்க, அப்போ போகக் கூடாது. சாயந்திரம் அஞ்சு அஞ்சரைக்கு போங்க, அப்போ தான் வாசல்ல உக்காந்திருப்பாங்க. வெளக்கு வெக்கற நேரத்துக்கு முன்னாடி பேசி முடிச்சிருங்க. அதே மாதிரி வெளக்கு வெச்சதுக்கப்புறம் உப்பு, பால், ஊசி, காசு இதெல்லாம் கைமாத்து கேட்டு போய் நிக்காதீங்க, பழைய ஆளுங்க குடுக்க மாட்டாங்க, குடுக்கலையேன்னு நமக்கும் சங்கடம், இல்லைன்னு சொல்ல வேண்டியிருக்கேன்னு அவங்களுக்கும் சங்கடம்.

ஸ்வீட் பாக்ஸ் எல்லாம் வாங்கிட்டு போகணும்னு இல்ல. ஊர்லருந்து வரும்போது கொண்டாந்தது ஏதாவது இருந்தா, நேந்திரம் சிப்ஸோ கருப்பட்டியோ, கொஞ்சம் கவர்ல போட்டு குடுங்க, அது போதும். பேரு, சொந்த ஊரு, எந்த காலேஜ், எந்த வருசம், வீட்டுல மொத்தம் எத்தனை பேருங்கறதை நீங்களே சொல்லிருங்க, அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காதீங்க. அப்புறம் ஒரு பேப்பர்ல ரெண்டு பேரோட போன் நம்பரை பெருசா, வயசானவங்களுக்கும் தெரியற மாதிரி எழுதிக் குடுத்து, "சத்தம் ஜாஸ்தியா இருந்தா, வண்டி எடைஞ்சலா இருந்தா எந்நேரம்னாலும் கூப்பிடுங்க, உடனே சரி பண்ணிடறோம்"னு சொல்லுங்க. இதுல என் அனுபவத்துல பார்த்தது என்னன்னா, நம்பர் குடுத்த வீட்டுலருந்து போன் வர்றதே அபூர்வம், ஆனா நம்பர் கையில இருக்குதுங்கற தைரியமே அவங்களுக்கு பெரிய நிம்மதி, ஓனருக்கும் போலீசுக்கும் நேரா போற விசயம் முதல்ல உங்ககிட்ட வரும். அப்படி போன் வந்துச்சுன்னா எடுக்கணும். எடுக்காம விட்டீங்கன்னா நம்பர் குடுக்காமலே இருந்திருக்கலாம்.

பெரியவங்களை வாங்க போங்கன்னு பேசுங்க, இந்த ஊர்ல அஞ்சு வயசு குழந்தையையே வாங்க சாமி, வாங்க கண்ணுன்னு தான் கூப்பிடுவாங்க. அண்ணா, அக்கா, அம்மா, வயசானவங்கன்னா அய்யா, பாட்டிம்மா. கேரளாலருந்து வந்த பசங்க தமிழ் தடுமாறுதேன்னு பேசாமலே இருந்துடறாங்க, அதை தப்பா எடுத்துக்கறாங்க, திமிருன்னு நெனச்சுக்கறாங்க. தடுமாறுனாலும் பேசுங்க, இந்த ரோட்டோரத்துல பாதி பேருக்கு மலையாளம் நல்லாவே புரியும், சேட்டா சேச்சின்னு அவங்களே பதில் பேசுவாங்க.

இப்போ தண்ணிக்கு வர்றேன். இந்தப் பக்கம் நடக்கற சண்டையில பெரும்பாலானது தண்ணி சண்டை தான், இதை மட்டும் சரியா பண்ணிட்டீங்கன்னா பாதி கெணறு தாண்டின மாதிரி. உப்புத் தண்ணி போர்ல வரும், அது பிரச்சனை இல்ல. நல்ல தண்ணி தெனமும் வராது, நாலு நாளைக்கு ஒருக்கா, வாரத்துக்கு ஒருக்கா, ஊரைப் பொறுத்து மாறும், வெயில் காலத்துல இன்னும் தள்ளிப் போகும், எந்நேரம் தொறந்து விடுவாங்கன்னு தெருவுக்கு மட்டும் தான் தெரியும். அதை முதல் நாளே கேட்டுக்கோங்க. தண்ணி வர்ற அன்னிக்கு ஒருத்தராவது வீட்டுல இருக்கணும், கொடம் இருக்கணும், முறை வெச்சு புடிக்கற எடத்துல முறையில நிக்கணும். பைப்ல மோட்டார் போட்டு உறிஞ்சறது மட்டும் எந்தக் காலத்துலயும் பண்ணாதீங்க, அது சட்டப்படியும் தப்பு, கனெக்‌ஷனையே கட் பண்ணுவாங்க, அதை விட பெருசு, மேட்டுல இருக்கற கடைசி வீட்டு அம்மாவுக்கு ஒரு கொடம் கூட வராம போயிரும், அதை தெரு மறக்கவே மறக்காது.

அடுத்தது சின்டெக்ஸ் டேங்க். மோட்டாரை போட்டுட்டு காதுல ஹெட்செட் மாட்டிட்டு கேம் ஆட உக்காந்துடறது. டேங்க் நெறஞ்சு, ஓவர்ப்ளோ பைப்ல தண்ணி கொட்டி, அது மொட்டை மாடி ஓரமா ஓடி, சன்ஷேட் வழியா பக்கத்து வீட்டு காம்பவுண்டுக்குள்ள சொட்டி, அவங்க காயப்போட்ட வடகத்து மேலயோ மொளகா மேலயோ விழும். "ஏனுங் தம்பி, தண்ணி போய்ட்டே இருக்குதுங்"ன்னு அந்த அக்கா கீழருந்து நாலு வாட்டி கத்துவாங்க, யாருக்கும் கேக்காது. கொடம் கொடமா சொமந்து குடிக்கற ஊர்ல, தண்ணி வீணா போறதை பார்த்தா வர்ற கோவம் வேற மாதிரி இருக்கும். ஒரு வாட்டர் அலாரம் சில நூறு ரூபாய்க்கு எலக்ட்ரிக்கல் கடையில கிடைக்குது, டேங்க் நெறஞ்சா கத்தும், ஆளுக்கு அம்பதோ நூறோ போட்டு குடி வந்த வாரமே மாட்டிருங்க. ஓனர் மாட்டுவாருன்னு காத்திருக்காதீங்க.

சத்தம். சட்டம் என்ன சொல்லுதுன்னா, 2000-ல வந்த ஒலி மாசு விதிகள்படி ராத்திரி 10 மணிலருந்து காலையில 6 மணி வரைக்கும் ராத்திரி நேரம், குடியிருப்புப் பகுதியில பகல்ல 55 டெசிபல், ராத்திரி 45 டெசிபல் தான் அளவு. 45ங்கறது மெதுவா பேசிக்கற அளவு தான். ஆனா இங்க தெருவுக்குன்னு ஒரு நேரம் இருக்கு. பால் சொசைட்டிக்கு ஊத்தற வீட்டுல நாலு மணிக்கு எந்திரிச்சு மாடு கறப்பாங்க, அவங்க ஒன்பது மணிக்கே படுத்திருவாங்க. மில்லுக்கு, பவுண்டரிக்கு நைட் ஷிப்ட் போறவரு பகல்ல தான் தூங்குவாரு, அந்த வீட்டுச் செவுரை ஒட்டி மத்தியானம் புளூடூத் ஸ்பீக்கர் வெச்சா அவருக்கு அது நடுராத்திரி. எந்த வீட்டுல கைக்குழந்தை, எந்த வீட்டுல படுத்த படுக்கையா பெரியவரு, யாருக்கு பன்னெண்டாவது பரீட்சைன்னு தெரிஞ்சு வெச்சுக்கோங்க. பாட்டு கேக்கவே கூடாதுன்னு யாரும் சொல்லல. பேஸ் மட்டும் கொறச்சு, ஸ்பீக்கரை செவுரை விட்டு தள்ளி, கீழ ஒரு பெட்ஷீட்டை மடிச்சுப் போட்டு வெச்சாலே பக்கத்து வீட்டுக்கு அந்த 'தும் தும்' போகாது.

மொட்டை மாடியில ராத்திரி போன் பேசறதை யாரும் சத்தம்னே நெனக்கறதில்ல. இந்தப் பக்கம் ராத்திரி அமைதியா இருக்கும், நீங்க மெதுவா பேசறதா நெனச்சு பேசறது நாலு வீடு தாண்டி கேக்கும், வெயில் காலத்துல பக்கத்து மாடியில குடும்பமே பாய் விரிச்சுப் படுத்திருப்பாங்க, அவங்க தூக்கமும் போச்சு, உங்க ரகசியமும் போச்சு. சைலன்சரை மாத்தி வெச்ச பைக் இருந்தா தெருமுனையிலயே ஆப் பண்ணி தள்ளிட்டு வாங்க, அதைவிட கம்பெனி சைலன்சரை திரும்ப மாட்டிருங்க.

பர்த்டே விசயத்தை தனியா சொல்லணும். பன்னெண்டு மணிக்கு நடுரோட்டுல நிக்க வெச்சு முட்டை ஒடைக்கறது, போம் அடிக்கறது, பார்ட்டி பாப்பர் வெடிக்கறது, கேக்கை மூஞ்சியில தேச்சுட்டு கத்தறது. வீட்டுல எத்தனை பேரோ அத்தனை ராத்திரி வருசத்துல இது நடக்கும், அப்புறம் கூட்டாளிங்க பர்த்டேவும் இங்கயே தான். பன்னெண்டு மணிக்கு கதவை சாத்திட்டு உள்ள கேக் வெட்டிக்கோங்க, ஆட்டம் பாட்டத்தை அடுத்த நாள் சாயந்திரத்துக்கு வெச்சுக்கோங்க, முந்தின நாளே எதிர் வீட்டுல "நாளைக்கு ஏழு மணிக்கு கொஞ்சம் பசங்க வருவாங்க, ஒன்பதரைக்குள்ள முடிச்சுருவோம்"னு சொல்லிருங்க. சொன்ன நேரத்துக்கு முடிங்க. ஒரு துண்டு கேக்கை அந்த வீட்டுப் பொடுசுங்களுக்கு குடுத்தனுப்புங்க. கோலம் போடற வாசல்ல முட்டை ஓடு கெடக்கறதை காலையில அஞ்சு மணிக்கு அந்த அம்மா பார்க்கற மாதிரி மட்டும் வெச்சுடாதீங்க, சாணி தெளிச்சு கோலம் போடற எடம் அது.

காத்தைப் பத்தி வெளியூர்க்காரங்களுக்கு தெரியாது. மேற்குத் தொடர்ச்சி மலையில பாலக்காட்டு கணவாய்ங்கறது கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர் அகலத்துக்கு இருக்கற ஒரு பெரிய வாசல், தென்மேற்கு பருவக்காத்து அது வழியா தான் நம்ம பக்கம் புகுந்து வருது. மே கடைசியில ஆரம்பிச்சா ஆகஸ்ட், செப்டம்பர் வரைக்கும் அடிக்கற அடியில மாடியில காயப்போட்ட துணி எதிர் வீட்டு தென்னை மட்டையில தொங்கும். நீங்க குடி வர்ற மாசமும் அது தான். கிளிப் ஒரு டஜன் வாங்கி வெச்சுக்கோங்க, உள்ளாடையை உள்ள காயப்போடுங்க, விழுந்த துணியை எடுக்க செவுரு ஏறிக் குதிக்காதீங்க, கேட்டுப் போய் எடுங்க. அதே காத்து தான் உங்க பார்சல் கவரு, சிப்ஸ் பாக்கெட்டு, டீ கப்பு எல்லாத்தையும் கொண்டுபோய் அடுத்த வீட்டு வாசல்லயும் மாட்டுத் தொழுவத்துலயும் சேக்குது. மாடு பிளாஸ்டிக்கை தின்னுட்டா அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய நட்டம்னு யோசிங்க. மூடி இருக்கற டப்பாவுல தான் குப்பை போடணும், மக்கறது தனி, மக்காதது தனி, நாப்கினை பேப்பர்ல சுத்தி குறி போட்டு தனி, காலையில வண்டியோ தூய்மைக் காவலர் அக்காவோ வரும்போது கையில குடுங்க. அவங்க கை வெச்சு பிரிக்கற குப்பைங்கறதை மறக்க வேண்டாம். வண்டி வர்ற நேரத்துக்கு எந்திரிக்க முடியலைன்னா பக்கத்து வீட்டுல கேட்டு அவங்க டப்பா பக்கத்துல வெச்சுக்கலாமான்னு கேளுங்க, பெரும்பாலும் சரின்னு தான் சொல்லுவாங்க.

மிச்ச சோறு, பழத்தோலு, எலும்பு இதை வீட்டுக்குப் பின்னாடி கொட்டாதீங்கன்னு நான் அழுத்திச் சொல்றதுக்கு வேற காரணமும் இருக்கு. மதுக்கரை, நவக்கரை, மாவுத்தம்பதி, இந்த அடிவாரம் முழுக்க யானை வர்ற எடம். சோறு, பலாப்பழம், மாட்டுக்கு வெச்ச புண்ணாக்கு, உப்பு, எந்த வாசனைக்கும் வரும், காட்டுப்பன்னியும் வரும். ஒரு வீட்டுல வெளிய கெடக்கற தீனி அந்தத் தெரு மொத்தத்துக்கும் ஆபத்து. யானை வந்துருச்சுன்னு சத்தம் கேட்டா உடனே போனை தூக்கிட்டு வீடியோ எடுக்க ஓடறது, பிளாஷ் அடிக்கறது, விசில் அடிக்கறது, இது உயிருக்கே ஆபத்து, வனத்துறை ஆளுங்களுக்கும் ஊர்க்காரங்களுக்கும் பசங்க மேல கோவம் வர்றதுல இது முக்கியமான காரணம். உள்ள இருங்க, கதவை சாத்துங்க, பக்கத்து வீட்டு அண்ணா சொல்றதை கேளுங்க, அவருக்கு எந்த யானை எந்த வழியா வந்து எந்த வழியா போகும்னு தெரியும். தெரு வாட்ஸ்அப் குரூப்ல உங்கள்ல ஒருத்தரையாவது சேத்துவிடச் சொல்லுங்க, யானை வந்த தகவல் அதுல தான் முதல்ல வரும். வனத்துறை ரேஞ்ச் ஆபீஸ் நம்பரையும் அவங்ககிட்ட கேட்டு சேவ் பண்ணிக்கோங்க. ராத்திரி லேட்டா வண்டியில வர்றவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். 2021 நவம்பர்ல நவக்கரை பக்கம் ரயில் மோதி ஒரே நேரத்துல மூணு யானை செத்துச்சு, 2024-ல மதுக்கரை காட்டுல தண்டவாளத்தோரம் ஏஐ கேமரா வெச்சு கண்காணிக்க ஆரம்பிச்சாங்க. யானையை வேடிக்கைப் பொருளா பேசுனா இங்க யாருக்கும் புடிக்காது, பயிரை அழிச்சாலும் கையெடுத்து கும்பிடற ஆளுங்க இவங்க.

நோம்பி காலம், அதாவது கோயில் திருவிழா. மாரியம்மன் கோயில்லயோ மாகாளியம்மன் கோயில்லயோ நோம்பி சாட்டி கம்பம் நட்டுட்டாங்கன்னா ஊரே வேற மாதிரி ஆயிரும். பொண்ணுங்க கம்பத்துக்கு தண்ணி ஊத்தப் போவாங்க, பூவோடு (தீச்சட்டி) எடுப்பாங்க, மாவெளக்கு எடுப்பாங்க, நிறைய வீட்டுல கறி சமைக்க மாட்டாங்க. உங்க வீட்டுல நீங்க என்ன சமைக்கணும்ங்கறது உங்க இஷ்டம், அதுல யாரும் தலையிட உரிமை இல்லன்னு தான் நான் நெனக்கறேன், ஆனா எலும்பும் முட்டை ஓடும் தெருவுல கெடக்காம பார்த்துக்கறது நம்ம பொறுப்பு. ராத்திரி கம்பத்தாட்டம் ஆடும்போது போய் பாருங்க, கூப்பிட்டா சேர்ந்து ஆடுங்க, அன்னதானத்துக்கு எலை போட, தண்ணி ஊத்த ஆள் வேணும், கேக்காமலே போய் நில்லுங்க. நன்கொடை கேட்டா முடிஞ்சதை குடுங்க, முடியலைன்னா "வேலைக்கு வந்து நிக்கறோங்கண்ணா"ன்னு சொல்லுங்க, அதுக்கு மதிப்பு ஜாஸ்தி. காலையில நாலரைக்கு ரேடியோ செட்டு அலறுதே, எக்ஸாம் இருக்கேன்னு கோவம் வரத்தான் செய்யும். சத்தத்துக்கான விதி அவங்களுக்கும் ஒண்ணு தான். ஆனா சண்டைக்கு போகாம, கமிட்டியில இருக்கற அண்ணா ஒருத்தரைப் புடிச்சு "குழாயை கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பி வெக்க முடியுங்களா, திங்கக்கிழமை பரீட்சைங்க"ன்னு கேட்டுப் பாருங்க, பரீட்சைன்னா இந்த ஊர்ல எறங்கி வருவாங்க.

ஓணத்துக்கு கோவை மாவட்டத்துல உள்ளூர் லீவு விடறது வழக்கம், ஊருக்குப் போகாம தங்கற மலையாளிப் பசங்க இருந்தீங்கன்னா வாசல்ல பூக்களம் போடுங்க. தெருவுல இருக்கற பொடுசுங்க தானா வந்து உக்காந்துக்கும், பூவும் அதுங்களே பறிச்சுட்டு வரும். பாயசம் வெச்சா நாலு வீட்டுக்கு ஒரு டம்ளராவது போகட்டும். பொங்கலுக்கு லீவுல ஊருக்கு போறவங்க, காப்புக் கட்டறதுக்கு முன்னாடி நாளே வீட்டு முன்னாடி கூட்டி சுத்தம் பண்ணிட்டு போங்க, வேப்பலை, ஆவாரம்பூ, பூளைப்பூவை உங்க வாசல்லயும் சேத்து சொருகி விடறது பக்கத்து வீட்டு அமுச்சியாத் (பாட்டியாத்) தான் இருக்கும். அவங்க குடுத்தனுப்பற பாத்திரத்தை வெறுமனே திருப்பிக் குடுக்காதீங்க, ரெண்டு வாழைப்பழமாவது வெச்சு குடுங்க. கழுவி குடுங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

நம்மகிட்ட என்ன இருக்கு குடுக்கறதுக்குன்னு பசங்க கேப்பாங்க. போனும் கம்ப்யூட்டரும் தெரியும்ல, அது போதும். கரன்ட் பில்லு கட்டத் தெரியாம டவுனுக்கு பஸ் ஏறி போறவங்க இருக்காங்க. 2023 செப்டம்பர்ல ஆரம்பிச்ச மகளிர் உரிமைத் தொகை 1000 ரூபாய் ஏன் வரலைன்னு தெரியாம அலையற அக்காங்க இருக்காங்க. பன்னெண்டாவது முடிச்ச பொண்ணுக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங் பாரம் பூர்த்தி பண்ண ஆள் இல்லாம பிரவுசிங் சென்டர்ல காசு குடுத்து தப்பா பண்ணிட்டு வர்ற அப்பா இருக்காரு, உங்கள்ல யாராவது போன வருசம் தான் அதே கவுன்சிலிங்ல வந்திருப்பீங்க, சாய்ஸ் எப்படி போடணும்னு உங்களை விட யாருக்கு நல்லா தெரியும். இதை பண்ணும்போது ஒண்ணை கட்டாயம் கடைபிடிங்க: அவங்களை பக்கத்துல உக்கார வெச்சு, அவங்க போன்ல, அவங்க கண்ணு முன்னாடி பண்ணுங்க. ஓடிபியை அவங்களையே படிக்கச் சொல்லுங்க, பேங்க் பாஸ்வேர்டு, ஏடிஎம் பின் எதையும் வாங்கி எழுதி வெச்சுக்காதீங்க, ஆதார் போட்டோவை உங்க போன்ல விட்டு வெக்காம அவங்க முன்னாடியே அழிச்சிருங்க. நாளைக்கு யாரோ பணத்தை உருவிட்டாலும் உங்க மேல ஒரு சந்தேகம் வரக் கூடாது. அதே காரணத்துக்காக பணம் கொடுக்கல் வாங்கல் மட்டும் தெருவுக்குள்ள வேண்டவே வேண்டாம்.

பொண்ணுங்க தனியா வீடு எடுத்து தங்கறவங்களுக்கு கஷ்டம் ஜாஸ்தி, அதை மறைக்க வேண்டியதில்ல. யாரு வந்தா, எப்போ போனா, வண்டியில கொண்டாந்து விட்டது யாருன்னு ஒரு கணக்கு ஓடிட்டே இருக்கும். முதல்ல தெருவுல ஒரு அக்காவை, ஒரே ஒருத்தரை, நல்லா பழகி வெச்சுக்கோங்க. பிராஜெக்ட் வேலையா கிளாஸ்மேட்ஸ் வர்றாங்கன்னா அந்த அக்காகிட்ட சும்மா ஒரு வார்த்தை சொல்லிட்டா அவங்களே மத்தவங்களுக்கு பதில் சொல்லிருவாங்க. அதுக்காக உங்க வாழ்க்கையை தெருவுக்கு ஒப்பிக்கணும்னு அர்த்தம் இல்ல, எல்லை தாண்டி கேட்டா சிரிச்சுட்டு "வேலை இருக்குங்க்கா"ன்னு நகர்ந்துருங்க. யாராவது பின்னாடி வர்றது, ஜன்னல்ல எட்டிப் பார்க்கறதுன்னு இருந்தா மறைக்காதீங்க, உடனே அந்த அக்காகிட்ட சொல்லுங்க, பெண்கள் உதவி எண் 181, போலீஸ் 100, காலேஜுலயும் எழுதிக் குடுங்க. ராத்திரி ஒரு சத்தம் கேட்டா முதல்ல ஓடி வர்றது எதிர் வீட்டு அம்மா தான், தெனமும் கேள்வி கேக்கற அதே அம்மா.

இன்னொரு கேள்வி இந்தப் பக்கம் வரும், "நீங்க என்ன ஆளுங்க?"ன்னு. பதில் சொல்லணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. படிப்பைச் சொல்லுங்க, ஊரைச் சொல்லுங்க, அதோட நிறுத்திக்கோங்க, கூட இருக்கறவனோட விவரத்தையும் நீங்க சொல்லாதீங்க. ஜாதியை வெச்சு எஸ்சி, எஸ்டி பசங்களை தண்ணி புடிக்க விடாம பண்றது, அசிங்கமா பேசறதுன்னு வந்தா அது அக்கம்பக்கத்து உரசல் கெடையாது, 1989 வன்கொடுமை தடுப்புச் சட்டத்துல வர்ற குற்றம். அந்த எடத்துல அனுசரிச்சு போங்கன்னு நான் சொல்ல மாட்டேன், யார் சொன்னாலும் கேக்காதீங்க. காலேஜுல அதுக்குன்னு இருக்கற செல்லுக்கு (குழுவுக்கு) எழுதிக் குடுங்க, போலீசுக்கு போங்க, கூட இருக்கறவங்க கூடவே போய் நில்லுங்க.

மத்தபடி சாதாரண புகார் வந்தா, கேட்டுல கும்பலா போய் நிக்காதீங்க, அஞ்சு பேரைப் பார்த்தா அவரும் நாலு பேரை கூப்பிடுவாரு. ஒருத்தர் மட்டும் வெளிய போங்க, அவரு பேசி முடிக்கட்டும், "மன்னிச்சுக்கோங்கண்ணா, இப்பவே நிறுத்திடறோம்"னு சொல்லி உடனே நிறுத்துங்க. நம்ம பக்கம் நியாயம் இருந்தாலும் ராத்திரி அதைப் பேசற நேரம் இல்ல. மறுநாள் சாயந்திரம் அதே ஆள் போய் "நேத்து ராத்திரி அப்புறம் தூங்குனீங்களா, எங்க பக்கத்துலருந்து வேற ஏதாவது தொந்தரவு இருக்குதுங்களா?"ன்னு கேளுங்க, அப்போ உங்க நியாயத்தையும் சொல்லுங்க, காது குடுத்து கேப்பாங்க. போலீஸ் வந்து ரூமை செக் பண்றதும் இந்த ஏரியால அப்பப்போ நடக்கும். அன்னிக்கு "இவங்க நல்ல பசங்கதானுங்க சார்"னு வாசல்ல நின்னு ஒருத்தர் சொல்றதுக்கு இருக்கற பலம் எந்த ஐடி கார்டுக்கும் இல்ல.

செக்போஸ்ட் தாண்டி கேரளாப் பக்கம் வீடு எடுக்கற தமிழ்ப் பசங்களுக்கும் ரெண்டு வார்த்தை. கஞ்சிக்கோட்டுல ஐஐடி இருக்கு, சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம் போனா தெருவே தமிழ் பேசும், அதனால அங்க அன்னியமா இருக்காது. ஆனா குப்பை விசயத்துல அங்க கட்டு ஜாஸ்தி. ஹரித கர்ம சேனை சேச்சிங்க மாசத்துக்கு ஒருக்கா வீட்டுக்கு வந்து பிளாஸ்டிக் வாங்கிட்டு போவாங்க, பஞ்சாயத்துல மாசம் 50 ரூபாய் கிட்ட குடுக்கணும், பால் கவரு, எண்ணெய் கவரெல்லாம் கழுவி காய வெச்சு குடுக்கணும். ஈரமும் எச்சிலுமா குடுத்தா வாங்க மாட்டாங்க. ஸ்டூடன்ட் வீடுதானே, நமக்கு எதுக்கு பீஸுன்னு கதவைத் தொறக்காம இருக்காதீங்க, அந்தச் சேச்சிங்க பெரும்பாலும் அதே வார்டுல, பக்கத்துத் தெருவுல இருக்கறவங்க. ரெசிடென்ஸ் அசோசியேஷன் இருந்தா செயலாளரை ஒருக்கா பார்த்து பேரு குடுத்துட்டு வந்துருங்க.

கடைசியா காலி பண்றது. ஏப்ரல், மே வந்ததும் எக்ஸாம் முடிஞ்ச ராத்திரியே பையைத் தூக்கிட்டு கெளம்பிடறது நிறைய பேரோட வழக்கம், மளிகைக்கடை பாக்கி, பால்காரர் பாக்கி, பக்கத்து வீட்டு ஏணி, எல்லாம் அப்படியே நிக்கும். அது உங்களுக்கு ஒண்ணும் ஆகாது, அடுத்து வர்ற ஜூனியருக்கு தான் கடைக்காரர் "காலேஜ் பசங்களுக்கு கடன் இல்ல"ம்பாரு. ஒரு வாரம் முன்னாடியே பாக்கியெல்லாம் தீர்த்துட்டு, வாங்குன சாமானை திருப்பிக் குடுத்துட்டு, வேண்டாத மெத்தை, ஒடைஞ்ச சேரு, பழைய நோட்டு எல்லாத்தையும் பழைய சாமான்காரருக்கு போட்டுருங்க, தெருமுனையில குவிச்சுட்டு போகாதீங்க. அடுத்து வர்ற பசங்க யாருன்னு தெரிஞ்சா அவங்களை ஒரு நாள் வரச்சொல்லி, தண்ணி எந்த நாள், குப்பை வண்டி எப்போ, வண்டி எங்க நிறுத்தணும், எந்த வீட்டுல பெரியவரு முடியாம இருக்காரு, எல்லாத்தையும் சொல்லிக் குடுத்து நாலு வீட்டுக்கும் நீங்களே கூட்டிட்டு போய் அறிமுகப்படுத்துங்க. சாமான் ஏத்த டெம்போ எத்தனை மணிக்கு வருதுன்னும் முந்தின நாளே எதிர் வீட்டுல சொல்லி வெச்சிருங்க, தெரு குறுகல்னா அவங்க காரை வெளிய எடுத்து நிறுத்தணும்ல.